ஓட்டல் அடுப்படியில் சிலிண்டர் வெடித்தால்: காப்பீடு யாருக்கு, எவ்வளவு?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிற டீக்கடைகள், பிரியாணிக் கடைகள் பலவற்றில் 19 கிலோ சிலிண்டர்தான் எரிகிறது. இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஏதாவது ஒன்றில் கடை பெயருக்கு முறையாக இணைப்பு வாங்கியிருந்தால், அந்த நிறுவனம் எடுத்திருக்கும் விபத்துக் காப்பீடும் கூடவே வருகிறது. தனியாகப் பிரீமியம் கிடையாது.

உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சத்துக்குள். பதிவான முகவரியில் பொருள் சேதம் என்றால் 2 லட்சம் வரை. அடுப்படியில் வேலை செய்பவருக்கு இது போக இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு; இஎஸ்ஐ இல்லையென்றால் முதலாளி பணியாளர் இழப்பீடு தர வேண்டும். "காப்பீடு வந்துவிட்டதே" என்று அதை மறுக்க முடியாது.

பணம் நின்றுபோகும் இடங்களைச் சொல்லியாக வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் எரிப்பதே சட்டவிரோதம். அதை வைத்துக்கொண்டு போய்க் கேட்டால் கோரிக்கை அங்கேயே அடிபடும். அடுத்தது, தீக்கு முதல் காரணம் கேஸாக இருக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டில் பிடித்த தீயில் சிலிண்டர் சூடேறி வெடித்தால் இந்தக் காப்பீடு பொருந்தாது. அதனால் தீயணைப்புத் துறை அறிக்கையில் காரணம் என்று எழுதியிருக்கும் வரியைப் படிக்காமல் வாங்கி வராதீர்கள். ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, மருத்துவமனை ரசீது எல்லாம் பிறகு கேட்பார்கள்.

சிலிண்டர் வந்திறங்கும்போதே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் பாருங்கள். பி-27 என்றிருந்தால் 2027 ஜூன் வரை பயன்படுத்தலாம். ஏ மார்ச், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டியதைத் திருப்பி அனுப்புங்கள். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தாலும் கேஸ் கசியும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கடையில் 100 கிலோ கேஸ் வரை வைத்திருக்க உரிமம் தேவையில்லை, அதாவது ஐந்து சிலிண்டர், ஆறாவதை அடுக்காதீர்கள்.

வாசம் வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவும் கூடாது, ஓடுவதை நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் சுவிட்சுக்குள் பொறி பறக்கும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றும். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போதும் பொறி வரும். மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை நிறுத்துங்கள். கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்த பிறகு கேஸ் கசிவு அவசர உதவி எண்ணான 1906-க்குக் கூப்பிடுங்கள்.