பக்கத்துத் தெருக்காரர் தேடும்போது உங்கள் யோகா மையம் கண்ணில் படுகிறதா?

'யோகா' என்ற ஒற்றைச் சொல்லுக்கு கூகுளின் முதல் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று சிறு யோகா மையங்கள் பணம் செலவழிக்கின்றன. வேண்டாத செலவு அது. அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு விக்கிப்பீடியாவும் ஆசன வீடியோக்களும் பெரிய ஆசிரமங்களும்தான் வரும். அவர்களில் மிகச் சிலர்தான் உங்கள் காலை ஆறு மணி பேட்ச்சில் சேரக்கூடியவர்கள். உங்களுக்கு வேண்டியவர் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் வசிப்பவர். அவர் போன் செய்தால் முதலில் என்னென்ன கேட்பாரோ, எங்கே, எத்தனை மணிக்கு, யார் சொல்லித்தருகிறார்கள், மாதக் கட்டணம் எவ்வளவு, பெண்களுக்குத் தனி பேட்ச் உண்டா என்பதெல்லாம் தளத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

அதற்கு முன் ஒரு சோதனை. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'site' என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டி உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் தளம் கூகுளின் பட்டியலில் ஏறவில்லை என்று சந்தேகிக்கலாம். வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளங்களில் இதற்கு அடிக்கடி காரணமாவது ஒரு சின்ன டிக். செட்டிங்ஸ் மெனுவில் ரீடிங் பக்கத்தில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் பெட்டி ஒன்று இருக்கிறது. தளம் கட்டும்போது டிசைனர் அதை டிக் செய்வார், ஒப்படைக்கும்போது எடுக்க மறந்துவிடுவார். அதை நீக்கிவிட்டு, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) முகவரியைக் கொடுங்கள். முக்கியமான பக்கங்களை அங்கேயே யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பட்டியலிடக் கோரலாம். பட்டியலில் ஏற சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

அடுத்து, படத்துக்குள் அடைபட்ட விவரங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்த போஸ்டரையே முகப்பில் ஏற்றி, நேரம், கட்டணம், முகவரி எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருப்பார்கள். பார்ப்பவருக்குப் புரியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பி கூகுளில் மேலே வர முடியாது. போஸ்டர் இருக்கட்டும், அதன் கீழே அத்தனையையும் தட்டச்சு செய்து போடுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். திரையில் தமிழாகத் தெரிகிறது, உள்ளே இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, அதாவது போன்களும் தேடுபொறிகளும் படிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. குழம்பிய ஆங்கிலமாக வந்தால், தமிழில் தேடும் ஒருவருக்கும் அந்தப் பக்கம் கிடைக்காது. இலவச யூனிகோடு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள். துணைக்காலும் 'ர'வும் இடம் மாறுவது, கொம்பு தனியே நிற்பது எல்லாம் சகஜம்.

எல்லா வகுப்புகளையும் ஒரே பக்கத்தில் வகுப்புக்கு ஒரு வரி என்று அடுக்குவதும் பலன் தராது. கர்ப்பகால யோகா தேடுபவரும் முதியோருக்கான நாற்காலி யோகா தேடுபவரும் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பக்கம் வேண்டும். பிரவுசர் தாவலிலும் தேடல் முடிவிலும் தெரியும் டைட்டிலில் 'ஹோம்', 'வெல்கம்' என்று இருந்தால் அந்த இடம் வீண். 'கர்ப்பகால யோகா வகுப்பு, கே.கே. நகர், மதுரை' என்று தொடங்கி, கடைசியில் மையத்தின் பெயரை வையுங்கள். ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். கே.கே. நகர் சென்னையிலும் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது.

பக்கத்துக்குள் என்ன எழுதுவது? கர்ப்பகால வகுப்பையே எடுத்துக்கொள்வோம். எத்தனையாவது மாதத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறீர்கள், மருத்துவரின் கடிதம் வேண்டுமா, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், தரைத்தளமா மாடியா, லிஃப்ட் இருக்கிறதா, பாய் கொண்டுவர வேண்டுமா, துணைக்கு வருபவர் உட்கார இடம் உண்டா, முதல் வகுப்பு இலவசமா. இத்தனையும் எழுதினாலே நானூறு ஐந்நூறு சொல் தானாக வந்துவிடும். யோகாவின் வரலாற்றையும் பதஞ்சலியையும் பற்றி எங்கிருந்தோ எடுத்து நிரப்ப வேண்டியதில்லை. கட்டணத்தை மறைப்பதும் நல்லதல்ல என்பது எங்கள் கருத்து. விலை தெரியாதவர் பலர் கேட்காமலே அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எனத் தனித்தனியாக வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் போடவே வேண்டாம். 'சூரிய நமஸ்காரம்' எப்படியெல்லாம் மாறும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இருபது பகுதிகளுக்கு ஒரே பக்கத்தை இருபது முறை போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கூகுள் இதை ஸ்பேம் வகையில் சேர்க்கிறது. கிளை இருக்கும் இடத்துக்கு மட்டும் பக்கம் போதும்.

இனி கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் உங்கள் மையத்தின் விவரங்களைக் காட்டும் இலவசப் பதிவு. பகுதி சார்ந்த தேடலில் வரைபடத்தோடு வரும் பட்டியல் இதிலிருந்துதான் வருகிறது. பல சிறு மையங்களுக்கு வெப்சைட்டைவிட இதுவே அதிக அழைப்புகளைக் கொண்டுவரும். கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், பரவலாக அறியப்பட்டிருப்பது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது, மற்ற இரண்டில் வேலை செய்யலாம். முதன்மை வகையாக யோகா ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுங்கள், ஜிம் வேண்டாம். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரையே கொடுங்கள். 'மதுரை பெஸ்ட் யோகா கிளாஸ்' என்று பெயரோடு ஒட்டினால் புரொஃபைல் முடக்கப்படலாம். காலை 5:30 முதல் 8 வரை, மாலை 5 முதல் 8 வரை என்றால் நேரத்தை இரண்டு பகுதியாகவே பதியலாம். காலை முதல் இரவு வரை திறந்திருப்பதாகப் போட்டால், மதியம் வந்து பூட்டைப் பார்ப்பவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். வீடுகளுக்குச் சென்று மட்டும் கற்பிப்பவர் முகவரியை மறைத்து, சேவைப் பகுதியைக் குறிக்க வேண்டும். முழுக்க ஆன்லைனில் மட்டும் நடத்துபவருக்கு இந்தப் புரொஃபைல் கிடையாது.

இந்தப் புரொஃபைலைச் சரிபார்க்க கூகுள் வீடியோ கேட்டால், வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். தெருவும் பெயர்ப்பலகையும், உள்ளே பாய்களும், நீங்கள் சாவி போட்டுக் கதவைத் திறப்பதும் அதில் வர வேண்டும். பலகை இல்லாமல் வீட்டு மாடியில் நடத்துபவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். சின்னப் பலகையாவது மாட்டிவிட்டு விண்ணப்பியுங்கள்.

விமர்சனங்களை மாணவர்களிடம் கேட்பது தவறில்லை. கட்டணத் தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்வது விதிமீறல்.

தளம் மெதுவாகத் திறக்கக் காரணம் பெரும்பாலும் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய 4, 5 எம்பி படங்கள். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் 200 கேபி அளவுக்குள் அடங்கிவிடும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

உடல்நலம் பற்றிய பக்கங்களை கூகுள் கூடுதல் கண்டிப்போடு மதிப்பிடுகிறது. 'சர்க்கரை நோய் 30 நாளில் குணம்' போன்ற வாக்குறுதிகளை உடனே எடுத்துவிடுங்கள். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் விளைவு விபரீதம். அந்த இடத்தில் ஆசிரியரின் பெயர், படித்த இடம், சான்றிதழ், எத்தனை ஆண்டு அனுபவம் என்று எழுதுங்கள்.

முதலிடம் உத்தரவாதம் என்று பேசும் ஏஜென்சிகளை நம்ப வேண்டாம். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வேலையை யாரிடம் கொடுத்தாலும் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பிசினஸ் புரொஃபைலின் முதன்மை உரிமையாளர் நீங்கள், ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி மட்டும். பிரியும்போது தளம் அவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் மீட்பது பெரும்பாடு.

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். 16 மாதத் தரவு வரை அங்கே கிடைக்கும். எந்தச் சொல்லுக்கு அடிக்கடி தெரிந்தும் யாரும் கிளிக் செய்யவில்லையோ, அந்தப் பக்கத்தின் டைட்டிலைத் திருத்துங்கள். முதுகுவலிக்கான யோகா என்று தேடி உங்கள் முகப்புக்கு வருகிறார்கள் என்றால் அதற்குத் தனிப் பக்கம் எழுத நேரம் வந்துவிட்டது. ஜூன் 21 யோகா தினத்துக்கு ஆண்டுதோறும் புதுப் பக்கம் போடாமல், ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு மே மாதத் தொடக்கத்திலேயே அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துவிடுங்கள்.