ஆண்கள் சொன்ன கணக்கு

பிரிட்டனில் 2010 முதல் 2012 வரை ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. நாட்ஸல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசியப் பாலியல் ஆய்வின் மூன்றாவது சுற்று அது. 16 முதல் 74 வயது வரையுள்ள 15,162 பேரிடம் பேசினார்கள். இதுவரை எதிர்ப்பாலினத்தவர் எத்தனை பேருடன் உறவு இருந்தது என்ற கேள்விக்கு ஆண்கள் சொன்ன சராசரி 14. பெண்கள் சொன்னது 7.

கொஞ்சம் யோசித்தால் இது நடக்கவே முடியாத கணக்கு. இரு கை தட்டினால்தானே ஓசை? ஓர் ஆணின் கணக்கில் ஒன்று ஏறினால், எங்கோ ஒரு பெண்ணின் கணக்கிலும் ஒன்று ஏறியாக வேண்டும். ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும் நாட்டில் இரண்டு சராசரிகளும் ஒட்டித்தான் வர வேண்டும். ஒன்று மற்றதைப் போல இரு மடங்காக இருக்க வழியே இல்லை.

ஆண்கள் அளந்து விடுகிறார்கள், பெண்கள் மறைக்கிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். 2018-இல் இந்தத் தரவை அலசியவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. முதலில், மிகப் பெரிய எண்களைச் சொன்ன சிலரைக் கவனித்தார்கள். நூற்றில் ஒருவர் 'நூற்றுக்கணக்கில்' என்று சொன்னாலே சராசரி எகிறிவிடும். அந்த உச்சத்தை வெட்டியதும் 7 ஆக இருந்த இடைவெளி ஐந்தரைக்கு இறங்கியது. அடுத்தது எண்ணும் முறை. பெண்கள் பலர் ஒவ்வொருவராக நினைவுபடுத்தி எண்ணுகிறார்கள். ஆண்களில் அதிகம் பேர் 'சுமாராக இவ்வளவு இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். குத்துமதிப்பு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் போகும். இதைச் சரிக்கட்டியதும் இடைவெளி 3-க்குப் பக்கத்தில் வந்தது. ஓர் இரவு உறவு தவறா, இல்லையா என்பது போன்ற மனப்பாங்குகளையும் சேர்த்துக்கொண்டபோது 2.6. மீதி எங்கே போனது? பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் இப்படிப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்புகளில் அதிகம் சிக்குவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, நேரடிப் பொய்யைவிட, ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று உள்ளே ஊறிப்போன ஓர் எதிர்பார்ப்புதான் நினைவையே வளைக்கிறது. சமூக ஆய்வாளர்கள் ஆண்மை என்று சொல்லும்போது உடலை மட்டும் சொல்வதில்லை. இந்த எதிர்பார்ப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ரேவின் கானெல் ஒரு படி மேலே போய், ஆண்மை ஒன்றல்ல, பல. அவற்றில் ஒன்று மேலாதிக்கம் பெற்று மற்ற ஆண்களையும் அளக்கும் கோலாகிவிடுகிறது என்றார்.

அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் விடைத்தாளை ஆய்வாளர் பார்த்துவிடக்கூடும் என்ற நிலை. இன்னொன்றுக்கு முழு ரகசியம். மூன்றாவது குழுவின் உடலில் பொய் கண்டறியும் கருவியின் வயர்களை ஒட்டினார்கள்; கருவி வேலை செய்யாது, ஆனால் அது மாணவர்களுக்குத் தெரியாது. இதுவரை எத்தனை பேருடன் உறவு என்ற கேள்விக்கு, யாராவது பார்ப்பார்கள் என்றபோது பெண்கள் சொன்ன சராசரி 2.6, ஆண்கள் 3.7. வயர் ஒட்டியபோது பெண்கள் 4.4, ஆண்கள் 4.0. இடைவெளி மறைந்தது மட்டுமல்ல, தலைகீழாகவே ஆனது. அதிகம் நகர்ந்தது பெண்களின் எண்தான் என்பதையும் கவனியுங்கள். ஆண்களைக் கேலி செய்யக் கிளம்புபவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்.

ஆண்கள் மறைக்கும் விஷயம் வேறு. 1995-இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் இன்னொரு ஆணுடன் பாலியல் தொடர்பு இருந்ததுண்டா என்று கேட்டார்கள். தாளில் எழுதச் சொன்னபோது 1.5 விழுக்காட்டினர்தான் ஆம் என்றார்கள். ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் பதில் தட்டச் சொன்னபோது 5.5 விழுக்காட்டினர். கேள்வி ஒன்றேதான், கேட்ட விதம்தான் வேறு.

கணினி கூட இல்லாமல் ஒரு நாணயத்தை வைத்தே உண்மையை வரவழைக்கும் வழியும் உண்டு. இதன் அடிப்படையை 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் வகுத்தார். பின்னால் வந்த ஒரு வடிவம் இது: ஆயிரம் பேர் தனியாக நாணயம் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் என்னவானாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். மொத்தம் 600 'ஆம்' வந்தால், அதில் 500 நாணயம் சொன்னது. மீதி 100 பேர், பூ விழுந்த 500 பேரில் உண்மையாகவே ஆம் சொன்னவர்கள். அதாவது 20 விழுக்காடு. யார் அந்த நூறு பேர் என்று ஆய்வாளருக்கே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

சரி, இத்தனை பாடு எதற்கு? ஆய்வாளர் முன்னால் வாயை அடைக்கும் அதே எதிர்பார்ப்புதான் ஆணை மருத்துவரிடம் போகவிடாமலும் தடுக்கிறது. விறைப்புக் குறைபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத் தமனிகள் 3, 4 மில்லிமீட்டர். கொழுப்பு படியத் தொடங்கினால் குறுகிய குழாய்தான் முதலில் அடைபடும். எனவே சிலருக்கு மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறைபாடு எச்சரிக்கை மணியாக ஒலிக்கிறது. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பவரின் இதயத்தை யாரும் சோதிப்பதில்லை.

இதில் ஆண்கள் மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. கருத்தடை, பிரசவம் என்று பெண்களுக்கு மருத்துவமனைக்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு. இளம் ஆணுக்கு அப்படி ஒரு வாசலே பல நாடுகளில் கிடையாது.

நடத்தைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கையை உடைத்த ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஆண்களுடன் உறவு கொள்ளும் கறுப்பின ஆண்களிடம் எச்.ஐ.வி. மிக அதிகம். அப்போதைய நிலை நீடித்தால் அவர்களில் இருவரில் ஒருவருக்கும், அதே வகை வெள்ளையின ஆண்களில் 11 பேரில் ஒருவருக்கும் வாழ்நாளில் தொற்று வரும் என்று 2016-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்தது. கட்டுப்பாடில்லாத நடத்தைதான் காரணம் என்று பலர் நினைத்திருந்தார்கள். கிரெகரி மில்லெட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் பார்த்தபோது, கறுப்பின ஆண்கள் சொன்ன துணைகளின் எண்ணிக்கை வெள்ளையினத்தவரைவிடக் குறைவு. போதைப்பொருள் பயன்பாடும் குறைவு. ஆனால் சிகிச்சையில் இருப்பவர்கள் குறைவு, மற்ற பால்வினை நோய்கள் அதிகம். சிறிய வட்டத்துக்குள் சிகிச்சை பெறாத தொற்று ஏற்கெனவே பரவியிருந்தால், அதில் ஒரே ஒரு துணை வைத்திருப்பவருக்கும் ஆபத்து கூடுதல்.

ஆண்களைப் பரிசோதனை செய்துகொள்ள வைக்க, கென்யாவின் கிசுமுவில் வேறு மாதிரி முயன்றார்கள். கர்ப்பப் பரிசோதனைக்கும் பிரசவத்துக்குப் பிறகும் வந்த பெண்களில் ஒரு பகுதியினரிடம் வீட்டிலேயே செய்துகொள்ளும் எச்.ஐ.வி. சோதனைக் கருவிகளைக் கொடுத்தனுப்பினார்கள். மற்றவர்களிடம் கணவரைப் பரிசோதனைக்கு அழைக்கும் அட்டை. கருவி போன வீடுகளில் 91 விழுக்காடு ஆண்கள் மூன்று மாதத்துக்குள் சோதித்துக்கொண்டார்கள். அட்டை போன வீடுகளில் 52 விழுக்காடு. 2016-இல் வெளியான முடிவு இது. அந்த ஆண்கள் சோதித்தார்களா, இல்லையா என்று பின்னர் ஆய்வாளர்களிடம் சொன்னதும் அந்தப் பெண்கள்தான்.