காம்ப் – முடிந்த விலை

விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டை, போக்கிமான் கார்ட்டூன் அட்டை என்று சேகரிப்பு அட்டைகளை வாங்கி விற்பவர்களின் வாயில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'காம்ப்'. "காம்ப் என்ன?" என்று கேட்டால், இதே அட்டை, இதே தரத்தில், அண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பொருள்.

'கம்பேரபிள்' என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் இது. வேர் லத்தீன்: 'காம்' என்றால் உடன், 'பார்' என்றால் சமம். அமெரிக்காவில் வீட்டுக்கு மதிப்புப் போடுகிறவர்கள், பக்கத்தில் அதே மாதிரி வீடு போன விலையைக் காம்ப் என்பார்கள். அதே சொல்தான் அட்டை வியாபாரத்திலும்.

தமிழில் 'ஒப்புவிலை' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒப்பு என்றால் சம்மதம் என்ற பொருளும் உண்டு, குழப்பும். நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: முடிந்த விலை. மனையோ மாடோ வாங்கியவரிடம் "எவ்வளவுக்கு முடிஞ்சது?" என்றுதானே கேட்கிறோம்? சொல்லும் விலை வேறு, முடிந்த விலை வேறு. 'காம்ப்' என்ற சொல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. விற்காமல் கிடக்கும் அட்டையின் சொல்லும் விலையை யாராவது காம்ப் என்று காட்டினால் புதியவர் நம்பிவிடுகிறார்.

ஈபே என்ற இணையச் சந்தையில் விற்றுப்போனவற்றின் விலையை யாரும் பார்க்கலாம். ஆனால் பேரம் பேசி விற்றிருந்தால், சொன்ன விலைமேல் ஒரு கோடு கிழித்திருக்கும். எவ்வளவுக்கு முடிந்தது என்பது அங்கே இருக்காது. அதைத் தேடிக் கொடுக்கவே 130பாயின்ட் என்ற தளத்தை அட்டைக்காரர்கள் நாடுகிறார்கள். ஏலம் கேட்டவர் பெயரோ, இரண்டு எழுத்துக்கு நடுவே நட்சத்திரக் குறிகளாக நிற்கும்.

நம் மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்குகிறவர் எல்லார் கண்முன்னும் நிற்பார், விலை மட்டும் மறைவு. அட்டை ஏலம் இதற்கு நேர் எதிர். 2022 ஆகஸ்டில் ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் ஏலத்தில் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. விலை உலகத்துக்கே தெரிந்தது, வாங்கியவர் பெயரை நிறுவனம் வெளியிடவில்லை.

அது சரிதான் என்பேன். அட்டை என்பது சட்டைப் பையில் அடங்கும் பொருள். யார் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிக்கல். விற்பவரே ஆள் வைத்து ஏலத்தை ஏற்றிவிட்டால், பெயர் மறைவில் அது தெரியாமலே போகும். அதனால் பெயரைக் கேட்க வேண்டாம். பணம் வந்து சேர்ந்ததா என்பதை ஏல நிறுவனம் சொல்லியே ஆக வேண்டும். பணம் வராதது 'கேட்ட விலை'தான், முடிந்த விலை ஆகாது.

பணம் வந்தாலும் சில சமயம் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கும். 2021இல் அமெரிக்க யூடியூபர் லோகன் பால் வாங்கிய, பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்ற போக்கிமான் அட்டைக்கு 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் என்று கின்னஸ் பதிவு செய்தது. ஏலம் அல்ல, தனிப் பேரம். வாங்கியவரே பெயரைச் சொன்னார். கையில் கொடுத்தது 40 லட்சம். மீதிக்கு, தரத்தில் ஒரு படி குறைந்த அதே வகை அட்டை ஒன்றை 12 லட்சத்து 75 ஆயிரம் என்று மதிப்பிட்டுச் சேர்த்துக் கொடுத்தார். இதைக் காம்பாக எடுத்தால், பணம் இவ்வளவு, பண்டமாற்று இவ்வளவு என்று பிரித்தே எழுத வேண்டும்.