ஏஆர்-15: வாங்குவதா, சேர்ப்பதா? முதலில் விசாவைப் பாருங்கள்

ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று வேண்டும், கடையில் முழுதாக வாங்குவதா இல்லை பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்துவதா என்று என்னிடம் கேட்கிற நம்மவர்களில் பெரும்பாலோர் ஐடி ஆட்கள். கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்து பழகிய கை, இதிலும் அந்த ஆசை வந்துவிடுகிறது. நான் டெக்சாஸில் இமிக்ரேஷன் வழக்குகள் பார்க்கிற வக்கீல், துப்பாக்கிக் கடைக்காரன் இல்லை. அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது என்ன விசாவில் இருக்கிறீர்கள்?

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என எந்தத் தற்காலிக விசாவில் வந்திருந்தாலும், அமெரிக்க மத்திய சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, வேறு சில சிறிய விலக்குகளும் உண்டு, அவ்வளவுதான். ஐ-485 விண்ணப்பம் போட்டாச்சு, கிரீன் கார்டு வந்துவிடும் என்பதெல்லாம் இங்கே செல்லாது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், வாடகைத் துப்பாக்கியை எடுத்து நாலு ரவுண்டு சுடுவதும் 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். மாணவர் விசாவில் வந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஹமீத் ரெஹைஃப் என்பவர் ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சில் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். தான் சட்டப்படி இருக்கும் நிலையை இழந்துவிட்டது அவருக்கே தெரியும் என்பதையும் அரசு நிரூபித்தாக வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சொன்னது. ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டுமா?

'நண்பன் சிட்டிசன், அவன் பெயரில் வாங்கிக்கொள்கிறேன்' என்பது இன்னும் மோசம். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி இருக்கிறது. பொய் சொன்னால் குற்றம். அதோடு, தகுதியில்லாதவருக்காக வாங்கிக் கொடுப்பதை 2022இல் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள், 15 வருடம் வரை சிறை. மாட்டிக்கொள்வது முதலில் நண்பன்.

சரி, கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கிறது. இப்போது சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

பாகங்களாக வாங்கினால் பின்னணி விசாரணை எதுவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஏஆர்-15இல் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி என்பது லோயர் ரிசீவர் என்ற கீழ்ப்பாகம் மட்டும்தான். சீரியல் எண் அதில்தான் இருக்கும். குழல், மேல்பாகம், கட்டை எல்லாம் பல மாநிலங்களில் தபாலில் வீட்டுக்கே வரும், ஆனால் லோயரை உரிமம் பெற்ற கடையில் அதே 4473, அதே பின்னணி விசாரணைக்குப் பிறகுதான் தருவார்கள். வேடிக்கை என்னவென்றால், மத்திய சட்டப்படி முழு ரைஃபிளைக் கடையில் வாங்க 18 வயது போதும், வெறும் லோயருக்கு 21 ஆகவேண்டும். எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்டுகளையும் (பாகத் தொகுப்புகளையும்) துப்பாக்கியாகவே எண்ணும் 2022 விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தக் குறுக்கு வழியையும் நம்பாதீர்கள்.

சொந்த உபயோகத்துக்குச் சேர்ப்பது மத்திய சட்டப்படி தவறில்லை. ஆனால் முழுதாக வாங்கினால் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்ளும் விஷயங்கள் இங்கே உங்கள் தலையில் வந்து விழும். குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது 1934 சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டிய வேறு வகை. ஏகே மாதிரி இறக்குமதிப் பாகங்களில் சேர்த்தால், பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பாகங்கள் பத்துக்கு மேல் போகக் கூடாது. சிட்டிசனுக்கு இந்தத் தவறு ஒரு வழக்கோடு முடியலாம். கிரீன் கார்டுக்காரருக்கு அப்படி இல்லை, துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை ஆனால் நாடு கடத்தவே குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தவராக இருந்தாலும்.

எனவே கிரீன் கார்டுக்காரர்களுக்கு என் பதில் ஒன்றே: முழுதாக வாங்குங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், சேர்க்கும் ஆசையைக் குடியுரிமைச் சத்தியப் பிரமாணம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். பணம் மிச்சமாகும் என்ற வாதமும் பெரிதாக நிற்பதில்லை. வீட்டில் சேர்த்ததற்கு மொத்தமாக வாரன்டி கிடையாது, விற்கப் போனாலும் விலை அடிபடும்.

அப்புறம் மாநிலம். டெக்சாஸில் சாதாரணமாக வாங்கிய ஏஆரைத் தூக்கிக்கொண்டு வேலை மாறி நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் பக்கம் போய்விட முடியாது. வீட்டுச் சாமான் லாரி ஏறுவதற்கு முன்பே அங்குள்ள வக்கீலிடம் கேளுங்கள்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அடியில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போட வழியுண்டு, அதற்கு அமெரிக்க ரசீது எந்த உதவியும் செய்யாது.