துவேஷம்

கேரள எல்லையூரான குமுளியில் ஒரு டீக்கடை. இரண்டு டீக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிய பெரியப்பாவைப் பார்த்துக் கடைக்காரர், "தேஷ்யம் வருன்னுண்டு கேட்டோ" என்று முனகினார். வெளியே வந்ததும் பெரியப்பா, "பாத்தியாடா, நம்ம மேல துவேஷம்னு வாய்விட்டே சொல்றான்" என்றார். கடைக்காரர் சொன்னது 'எனக்குக் கோபம் வருது' என்பதுதான். கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதை முழுக்க விளக்கியும் பெரியப்பா பாதிதான் நம்பினார்.

வேர் ஒன்றுதான். வடமொழியில் 'த்விஷ்' என்றால் வெறுத்தல். அதில் பிறந்த த்வேஷம் தமிழில் துவேஷம், துவேசம் என்று வழங்குகிறது. த்வேஷ்யம் மலையாளத்தில் தேய்ந்து தேஷ்யமாகி, வெறுங்கோபமாக இளைத்துவிட்டது. பௌத்தர் சொல்லும் ராகம், துவேஷம், மோகம் என்ற மூன்றைக் குறள் (360) காமம், வெகுளி, மயக்கம் என்கிறது. துவேஷத்தின் இடத்தில் அங்கும் கோபம்தான். மலையாளப் பேச்சு வந்து சேர்ந்த இடத்தில் வள்ளுவர் முன்பே உட்கார்ந்திருக்கிறார்!

தமிழில் அந்தச் சொல் இளைக்கவில்லை, பருத்தது. வகுப்புத் துவேஷம், மொழித் துவேஷம், தேசத் துவேஷம் என்று முன்னால் ஒரு கூட்டத்தை ஒட்டிக்கொண்டே வரும். கோபத்துக்கு ஆள் வேண்டும், காரணம் வேண்டும். துவேஷத்துக்கு ஊர்ப்பெயர் போதும்.

2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு இதைக் கண்ணால் பார்த்தது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில்தான் தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்து வயல்கள் விளைகின்றன. அணைக்குக் கீழே கேரளத்தில் குடியிருப்பவர்களுக்கோ, அது உடைந்துவிடுமோ என்ற உயிர்ப்பயம். எங்களுக்குச் சோறு, அவர்களுக்கு உயிர். அறம் தன் பக்கம் என்றே இரண்டு தரப்பும் மனதார நம்பியது. கையை ஓங்கவைத்ததும் அந்த நம்பிக்கைதான். நாடுகளுக்கிடையில் மூளும் பகையிலும், தப்பு எங்களுடையது என்று சொல்லிக்கொண்டு எவரும் படை திரட்டுவதில்லை. எல்லை அடைபட்டது. விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியைக் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று அவர்களையா கேட்டு வைத்தார்கள்? அந்த வாரங்களில் இங்கே 'மலையாளத்தான்', அங்கே 'பாண்டி'. சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

சரி, துவேஷத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? 'வெறுப்பு' என்பார்கள். பாகற்காய் மீதும் வெறுப்பு வரலாம்; பொருள் போதாது. 'பகை' நல்ல சொல். பகு என்ற வேர், பிளவுபடுதல். இகல் என்ற மாறுபாட்டைப் பற்றிப் பேசும் குறளும் (851) அதை, 'பகல்' என்னும் கூடாமையை, அதாவது பிரிந்து நிற்பதை, வளர்க்கும் நோய் என்கிறது. ஆனால் பகை இருவருக்கும் நடுவே இருப்பது. நேருக்கு நேர் நின்று, பிறகு தீர்த்துக்கொள்ளவும் முடியும். துவேஷம் ஒருவன் தனக்குள்ளேயே வளர்ப்பது, எதிராளிக்குத் தெரியாமலும் இருக்கும்.

என் தேர்வு 'காழ்ப்பு'. காழ் என்றால் மரத்தின் உள்வயிரம், விதையின் கெட்டி. இளமரமாக இருந்த கோபம் வருஷக்கணக்கில் நின்று உள்ளே இறுகிப்போனது என்ற படம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அரசியல் செய்திகளில் 'காழ்ப்புணர்ச்சி' என்று நீட்டி நீட்டிக் கொஞ்சம் நீர்த்துப்போய்விட்டது, அவ்வளவுதான். தேசத் துவேஷத்துக்கு நாட்டுக்காழ்ப்பு, மொழித் துவேஷத்துக்கு மொழிக்காழ்ப்பு என்று எழுதலாம்.

தேஷ்யத்துக்குக் கோபமே போதும். அடுத்த தடவை குமுளிக்குக் கிளம்பும்போது பெரியப்பா சட்டைப்பையில் சில்லறையும் போட்டு அனுப்ப வேண்டும்.