விரலில் ஒட்டிய ரம்புத்தான்: வீட்டு மெஷின் காட்டும் நம்பரை நம்பலாமா?

கோவிட் காலத்துக்குப் பிறகு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் வீடோ தோட்டத்து வீடோ, அலமாரியைத் திறந்தால் சின்னச் சின்ன மெஷின்கள் இருக்கின்றன. சீனி பார்க்க ஒன்று, பிரஷர் பார்க்க ஒன்று, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்க ஒன்று. நல்லதுதான். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். பார்க்காமல் இருப்பதைவிடப் பார்ப்பது மேல்.

ஃபார்மசி கவுண்டரில் நிற்கும் எனக்குக் கவலை வேறு. நம்பரைப் பார்த்ததும் மாத்திரையில் கை வைக்கிறார்கள். கூடினால் ஒன்று சேர்த்துப் போடுவது, குறைந்தால் இரண்டு நாளைக்கு நிறுத்துவது. அந்த நம்பர் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ரம்புத்தான் காலத்தில் ஓர் ஆன்ட்டி மெஷினையே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். திரையில் 19.4 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). "காலையிலேயே மாத்திரை போட்டுட்டேன் மிஸி, இன்னொண்ணு போட்டுக்கவா?" என்றார். ஆளைப் பார்த்தால் அந்த நம்பருக்குரிய களைப்போ தாகமோ ஒன்றும் இல்லை. நகக்கண்ணில் மட்டும் பிசுபிசுப்பு. பேரப்பிள்ளைகளுக்குப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு அப்படியே விரலைக் குத்தியிருக்கிறார். "நான் ஒரு சுளைகூட வாயில வைக்கல" என்று சாமிமேல் சத்தியம் செய்தார். சத்தியமே தேவையில்லை, நான் நம்பினேன். பின்பக்கம் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்தினோம். 8.1.

இது அந்த ஆன்ட்டிக்கு மட்டும் நடந்ததல்ல. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நீரிழிவு இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிக்கச் சொல்லி, விரல் நுனியில் சீனி பார்த்தார்கள். கழுவாத விரலில் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. வியப்பு அதற்கடுத்த படியில்தான். ஆல்கஹால் பஞ்சால் ஐந்து முறை துடைத்த பிறகும் அளவு சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியாகிவிட்டது. ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். சர்க்கரையைக் கரைப்பதில் தண்ணீருக்குப் பக்கத்தில்கூட வராது. பெட்டி பெட்டியாக ஆல்கஹால் பஞ்சு விற்கும் நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை சின்ன அழுக்கு எப்படி நம்பரை இரண்டு மடங்காக்குகிறது? கணக்குப் போட்டால் புரியும். மெஷினில் செருகி ரத்தத்தைத் தொடும் பட்டையான ஸ்ட்ரிப் இன்று கேட்பது அரை மைக்ரோலிட்டர் அளவு ரத்தம்தான். சீனி 5.5 உள்ளவரின் அந்தத் துளியில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தமே அரை மைக்ரோகிராம். நாம் தே-ஓவில் போடும் ஒரே ஒரு சீனிக் கல்லின் எடையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். இன்னோர் அரை மைக்ரோகிராம் குளுக்கோஸ் தோலில் காய்ந்து கிடந்தால் 5.5 என்பது 11 ஆகிவிடும். மெஷின் பொய் சொல்லவில்லை. அதன் வாயில் வந்த குளுக்கோஸை அது சரியாகத்தான் எண்ணியது. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் நொதி குளுக்கோஸைக் கண்டால் வினைபுரியும், அதில் பிறக்கும் மின்னோட்டத்தை மெஷின் அளக்கும். 1962-இல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லையன்ஸும் முன்வைத்த யோசனை அது. அந்தக் குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து வந்ததா, ரம்புத்தானிலிருந்து வந்ததா என்று நொதிக்கு என்ன தெரியும்?

நம்பர் தப்பாக உயர்ந்தால் வெறும் பயம் மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர் அதை நம்பி நான்கு யூனிட் கூடுதலாகப் போட்டுக்கொண்டு படுத்தால், நடுராத்திரியில் வியர்த்து நடுங்கி எழுவார். எழுந்தால் நல்லது. சீனி 4-க்குக் கீழே இறங்கிவிட்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறோம். இங்கேயும் அதே பொறிதான். குளுக்கோஸ் பொடியையோ மிட்டாயையோ தொட்ட விரலாலேயே குத்தினால் "ஏறிடுச்சு" என்று மெஷின் ஆறுதல் சொல்லும், உள்ளே சீனி ஏறியிருக்காது. கலக்கிக் கொடுக்கிறவர் வேறு, குத்துகிறவர் வேறு என்றாலும் இருவருமே கை கழுவுங்கள்.

பால் மரம் வெட்டிப் பழகிய விரல்களில் இன்னொரு சிக்கல். தோல் காய்த்துப்போய் ரத்தம் லேசில் வராது. அதனால் விரலைப் பிழிகிறார்கள். பிழிந்தால் திசுவில் உள்ள நீரும் சேர்ந்து வந்து துளியைக் கலப்படமாக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தே வைப்பதும் வேண்டாம். உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது நம் ஊர் மாதிரி புழுக்கமான இடத்துக்காகத்தான். மோட்டார் கூடையில் வெயிலில் காய்ந்த ஸ்ட்ரிப்பைக் கொண்டுவந்து "மெஷின் கெட்டுப்போச்சு" என்பவர்களும் உண்டு.

அப்புறம், அடுத்தடுத்து இரண்டு முறை குத்தி 7.0, 7.6 என்று வந்தால் பதறாதீர்கள். ஐஎஸ்ஓ 15197 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, சீனி ஏறக்குறைய 5.5-க்கு மேல் இருக்கும்போது 100 அளவீடுகளில் 95 உண்மை அளவுக்கு 15 விழுக்காடு மேலேயோ கீழேயோ இருந்தால் மெஷின் தேறிவிடும். 7 என்றால் 6-க்கும் 8-க்கும் நடுவில் எங்கோ என்று அர்த்தம். ஒரு நாள் நம்பரை விட, ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எடுத்த பல நாள் நம்பர்கள்தான் டாக்டருக்கு உதவும்.

பிரஷருக்கு வருவோம். இதில் கை வைக்கும் இடம்தான் எல்லாம். 2024-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 133 பேரிடம் மூன்று விதமாக எடுத்துப் பார்த்தார்கள். கையை மேசையில், நெஞ்சு உயரத்தில் வைத்து எடுத்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4 கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. காரணம் புவியீர்ப்பு. இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க ரத்தக் குழாயில் மேலிருக்கும் ரத்தத்தின் எடை சேர்கிறது, 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 என்ற கணக்கில். சோபாவில் சரிந்தபடி, டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டு, நடுநடுவே மருமகளிடம் பேசிக்கொண்டே எடுத்த 148-ஐ வைத்து மருந்தை மாற்றக் கூடாது. பேச்சும் பிரஷரை ஏற்றும், முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரும் ஏற்றும்.

கையில் சுற்றும் பட்டையை யாரும் கவனிப்பதே இல்லை. செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்மார்களின் புஜத்துக்குப் பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை எட்டவே எட்டாது, இழுத்துக் கட்டுவார்கள். இதையும் 2023-இல் சோதித்திருக்கிறார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 125 உள்ளவரை 144 ஆக்கிவிடும் பட்டை! ஒல்லியான பாட்டிகளுக்கு நேர்மாறாக 3.6 குறைத்துக் காட்டியது. இது புதுக் கதையும் அல்ல. 1896-இல் இத்தாலியின் ரிவா ரொச்சி செய்த முதல் பட்டை 5 சென்டிமீட்டர் அகலம்தான். அது கூட்டிக் காட்டுகிறது என்று 1901-இலேயே கண்டுபிடித்து அகலப்படுத்தினார்கள். நூறு வருஷம் தாண்டியும் கடையில் "எந்த சைஸ் வேணும்?" என்று கேட்டால் வாங்க வந்தவர் என்னை வினோதமாகப் பார்க்கிறார். புஜத்தின் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொண்டு வாருங்கள், போதும்.

ஆக்சிஜன் மெஷின் விஷயம் நம் தோல் நிறத்தைத் தொடுகிறது. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி தந்த யோசனையில் அது வேலை செய்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். வழியில் இருக்கும் நிறமியும் ஒளியை உறிஞ்சுமே! 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், மெஷின் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டினருக்கு உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 விழுக்காடு. ஆய்வு அங்கே நடந்தது, ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனின் எந்த நாட்டில் இருந்தாலும் மெலனின்தான். வெயிலில் வேலை செய்து கறுத்த நம் ஆட்கள் 94-ஐப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. நகப்பூச்சு, கறுப்பு மருதாணி, ஏர்கான் அறையில் சில்லிட்டுப்போன விரல் எல்லாமும் அளவைக் குழப்பும்.

திரையில் 97 என்றே காட்டினாலும், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறதா, படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறாரா, ஆள் குழம்பிப்போய்ப் பேசுகிறாரா என்று பாருங்கள். கறுத்த உதட்டில் நீலம் தெரியாது, நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு 999-க்கு அடியுங்கள்.