ஊசி போட்டால் ஹெர்னியா போய்விடுமா?

பேருந்து நிலையச் சுவர்களில் இந்த வரிசையைப் பார்க்காதவர்கள் குறைவு: மூலம், பவுத்திரம், ஹெர்னியா, விரைவீக்கம். ஆபரேஷன் வேண்டாம், ஊசியே போதும். நான்கையும் ஒரே பலகையில் எழுதிவிட்டதால் நான்கும் ஒரே குடும்பத்து நோய்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். "மூலத்தை ஊசியில் சரிசெய்கிறார்களே டாக்டர், ஹெர்னியாவுக்கு மட்டும் எதற்குக் கத்தி?" என்று என்னிடம் கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நியாயமான கேள்விதான்.

ஆரம்ப நிலை உள்மூலத்துக்கு, பாதாம் எண்ணெயில் கலந்த பீனாலை ஊசியில் செலுத்துவது பழைய, ஏற்கப்பட்ட சிகிச்சை. காலில் புடைக்கும் வெரிகோஸ் நாளங்களையும் ஊசி மருந்தால் அடைக்கிறோம். விரைவீக்கத்தில் நீரை வடித்துவிட்டு, மீண்டும் ஊறாமலிருக்கச் சிலருக்கு மருந்து செலுத்துவதுண்டு. இவற்றிலெல்லாம் வேலை ஒன்றுதான்: வீங்கிய நாளத்தையோ, நீர் சுரக்கும் உறையையோ சுருங்க வைப்பது.

ஹெர்னியா எனும் குடலிறக்கத்தில் சுருங்க வைப்பதற்கு எதுவும் இல்லை. வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது; குடலோ, அதைப் போர்த்திய கொழுப்போ அதன் வழியே வெளியே வருகிறது. கிழிந்த டயரின் வழியே ட்யூப் புடைப்பதைப் போல. கெட்டது ட்யூப் அல்ல. இருமினாலும், முக்கினாலும், குடத்தைத் தூக்கினாலும் உள்ளிருந்து அழுத்தம் அந்த இடத்தில்தான் மோதும்.

அந்த இடத்தில் எரிச்சலூட்டும் திரவத்தைச் செலுத்தினால் புண்ணாகி, ஆறி, தழும்பு உண்டாகும். தழும்பே ஓட்டையை அடைத்துவிடும் என்பது ஊசிக்காரர்களின் கணக்கு. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் ஹீட்டன் என்ற மருத்துவர், ஓக் மரப்பட்டைச் சாற்றை ஊசியில் செலுத்தும் தன் முறையை 1877இல் அச்சிலேயே வெளியிட்டார். 1930களில் அங்கே இந்த முறைக்கு மறுபடியும் ஒரு மவுசு வந்தது. பிறகு கைவிடப்பட்டது. தழும்பு அழுத்தத்தைத் தாங்காமல் இளகியது. இறக்கம் திரும்பி வந்தது. மருந்து போக வேண்டிய இடத்துக்கு அடுத்தே விந்துக்குழாயும் விரைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. வெளியே பிதுங்கிய பைக்குள் குடலே இருக்கலாம். கண்ணால் பார்க்காமல் அங்கே ஊசியை இறக்குவது சூதாட்டம். ஊசி போட்டுக்கொண்டு, வீக்கம் திரும்பி வந்த பிறகு எங்களிடம் வருபவர்களுக்கு உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எளிதாக முடிய வேண்டிய அறுவை சிக்கலாகிவிடும்.

'போட்டாக்ஸ் ஊசியில் ஹெர்னியா சிகிச்சை' என்ற செய்தியைச் சிலர் கைப்பேசியில் காட்டுகிறார்கள். அது நிஜம், ஆனால் வேறு கதை. பழைய அறுவைத் தழும்பில் உண்டாகும் மிகப் பெரிய இறக்கத்தை மூடும் முன், சில வாரங்களுக்கு முன்பே வயிற்றுத் தசைகளைத் தளர்த்திக்கொள்ள அதைப் போடுகிறார்கள். அறுவைக்கு அது துணை, மாற்று அல்ல.

பேசிப் பார்த்தால் பலருக்கும் பயம் கத்தியைப் பற்றியே அல்ல, மயக்க மருந்தைப் பற்றி. தொடை இடுக்குப் பகுதி இறக்கத்தை, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே, ஓட்டையின் மேல் செயற்கை வலை வைத்துத் தைக்க முடியும். இதய நோய் உள்ள முதியவர்களுக்கு அது பெரிய வசதி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடனே செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தொந்தரவு அதிகம் இல்லாத 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களில் அவசர நிலைக்குப் போனவர்கள், ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி காரணமாக, அறுவைக்கு வந்துவிட்டார்கள். பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொடை மடிப்புக்குக் கீழே வரும் இறக்கம் அவர்களுக்கு அதிகம், அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். பச்சிளங்குழந்தையின் தொப்புள் இறக்கமோ பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்ட வேண்டாம்.

படுத்தால் உள்ளே போகும் வீக்கம் ஒரு நாள் போகாமல் கெட்டியாகி, வலித்து, வாந்தியும் வந்தால், பெல்ட் கட்டியோ கையால் அமுக்கியோ நேரத்தைப் போக்காதீர்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். எதுவும் சாப்பிடாமல், அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.